பொய்யென்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது? வன்னியில் இருந்து சில கேள்விகள்

கனகராயன்:

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆலயப் பரிபாலன சபையின் கணக்குவழக்கைப் பற்றி ஓர் இளைஞர் முகநூலில் எழுதினார். தேர்த் திருப்பணிக்கென்று வெளிநாட்டில் இருந்து வந்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்படவில்லை என்பதும், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும் வழக்கமே நின்றுபோய்விட்டது என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. சபையினர் அதற்குப் பதில் எழுதவும் இல்லை, கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டவும் இல்லை. இணையத்தில் எழுதப்படுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பிள்ளைமீது முறைப்பாடு செய்வதற்கு ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை வருத்துவது சபையினரின் கோபம் அன்று. அவர்களில் சிலர், 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறிமலை ஆதிசிவன் ஆலயத்தில் எட்டுப் பேர் கைதாகித் தொல்பொருள் சட்டத்தின் கீழ் விளக்கமறியலில் வைக்கப்பட்டபோது, வழிபடும் உரிமைக்காக வவுனியா வீதியில் பதாகை பிடித்து நின்றவர்கள். அன்று அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயமானது. ஆனால், தங்களுக்கு எதிராக அரசு நீட்டிய கையையே தங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எதிராகத் தாங்களே பிடித்து இழுக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி 24இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, ஒரு கூற்றுப் பொய்யானது என்று கருதி அதை அகற்றும்படி பணிக்கலாம். தனிமனித சுதந்திரவாத நோக்கில் நான் கேட்பது ஒன்றுதான். வன்முறையையும் களவையும் மோசடியையும் தடுப்பது அரசின் வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்கும் வேலையை அதனிடம் யார் கொடுத்தது? வன்னியில் இருக்கும் நாங்கள் அதைக் கொடுக்கலாமா?

பாலைநிழல்:

கனகராயன் அண்ணா, நீங்கள் எழுதியது வாசிப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சபையின் பொருளாளர் அறுபது வயதைக் கடந்த ஒரு மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கள்ளன் என்று ஒருவர் எழுதுகிறார்; அது மறுநாள் விடிவதற்குள் கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் சம்பந்திகளுக்கும் போய்ச் சேருகிறது. அவருடைய மானத்துக்கு என்ன பாதுகாப்பு?

இரண்டாவது விடயம் இன்னும் பாரதூரமானது. எங்கள் மண்ணுக்கு வந்து, எங்களை வந்தேறிகள் என்றும் எங்கள் கோயில்கள் எல்லாம் விகாரைகள் என்றும் சில துறவிகள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். இனவெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க, குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தின் பெயரால் வந்த ஐசிசிபிஆர் சட்டம் இருக்கிறது. பலவீனமான மக்களுக்கு இருக்கும் ஒரே வேலியையும் கொள்கையின் பெயரால் பிடுங்கி எறியச் சொல்கிறீர்களா? எல்லோரும் எதையும் பேசலாம் என்பது, ஒலிவாங்கியும் பொலிஸ் பாதுகாப்பும் உள்ளவனுக்குத்தான் இலாபம்.

வழக்கேடு:

நான் சட்டம் பயிலும் மாணவி. வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். பாலைநிழல் அண்ணா குறிப்பிட்ட வேலி எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமான அந்த ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை வழங்கலாம். பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும்தான். ஆகவே தீர்ப்பு வருவதற்கு முன்னரே கைதானவர் பல மாதங்கள் உள்ளே இருந்துவிடுவார்.

2019 ஏப்ரலில், சிங்கள எழுத்தாளரான சக்திக சத்குமார, முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக, பௌத்த பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில் இதே சட்டத்தின் கீழ் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்சி ராசிக் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைக் கண்டித்து எழுதிய முகநூல் பதிவுக்காகக் கைதானார். பிணை கிடைக்க ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. 2024 மே மாதத்தில் சம்பூர்ப் பகுதியில், 2009 போரின் இறுதியில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் மூவர் உட்பட நால்வர்மீது பிரயோகிக்கப்பட்டதும் இதே சட்டம்தான்.

சிறுபான்மையினரைக் காப்பதற்கென்று சர்வதேச சமவாயத்தின் பெயரால் இயற்றப்பட்ட ஒரு பிரிவு, கஞ்சிப் பானையைச் சுற்றி நின்ற பெண்கள்மீது பாய்ந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. முறைப்பாட்டை ஏற்பவரும், கைது செய்பவரும், எது பகைமை என்று முதலில் தீர்மானிப்பவரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

பொருளாளரின் மானத்தைப் பொறுத்தவரை, குற்றவியல் அவதூறு இந்நாட்டில் 2002இல் நீக்கப்பட்டது. குடியியல் அவதூறு வழக்கு இன்னும் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்குத் தொடரலாம். அங்கே இரு தரப்பும் சாட்சி சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகமும் மேசைக்கு வரும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்யான கூற்று என்பதற்குக் கொடுக்கப்பட்டுள்ள வரைவிலக்கணம், நல்லெண்ணத்துடன் கூறப்படும் அபிப்பிராயத்தை விலக்கி வைக்கிறது. ஆனால் அந்த விலக்கை அந்தத் தம்பி நிரூபிக்கும்வரை அவர் அனுபவிக்கப்போகும் அலைச்சலுக்கு வரைவிலக்கணத்தில் மருந்து இல்லை.

முசலி வாசி:

சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. அவர் எங்கள் பிரதேசத்துப் பிள்ளை. 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். காரணம், தமிழில் அவர் வெளியிட்ட ஒரு கவிதைத் தொகுப்பு. வன்முறையைக் கண்டிக்கும் வரிகள் உள்ள அந்தத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று விசாரணையாளர்கள் முடிவு செய்தார்கள். தமிழ் தெரிந்த எவரும் அதை ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடித்திருக்கலாம். அவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.

அப்போது தமிழ் எழுத்தாளர்கள் பலர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனாலும், வன்னியில் பேச்சுரிமை பற்றி விவாதிக்கும்போது அரசை மட்டும் பிரதிவாதிக் கூண்டில் ஏற்றினால் போதாது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். என் வாப்பா முசலியில் இருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனவர். அன்று தங்கள் அயலவர்கள் பலர் அழுதார்கள் என்றும், ஆனால் இது பிழை என்று வாய் திறந்து சொல்ல ஒருவராலும் முடியவில்லை என்றும் அவர் இன்றுவரை சொல்வார். அவர்களை வாப்பா ஒருபோதும் குறை கூறியதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும்.

பாலைநிழல்:

முசலி வாசி அவர்களே, 1990 ஒரு அநியாயம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் யுத்த காலத்தில் ஓர் இயக்கம் செய்ததையும், சமாதான காலத்தில் இறைமையுள்ள அரசு சட்டம் போட்டுச் செய்வதையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இல்லாமற் போனவர்களைப் பற்றி இன்று விமர்சனம் எழுதுவது மிகவும் சுலபம். அவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. அவர்களை நினைத்து விளக்கேற்றுவதற்கே தடையுத்தரவு கேட்டுப் பொலிஸார் நீதிமன்றம் செல்லும் ஒரு மண்ணில், விமர்சனத்துக்கு முதலிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாந்தைக்கரை:

இந்த உரையாடலில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணாகவும் ஆசிரியராகவும் எழுதுகிறேன். 2019 சிவராத்திரிக்கு முந்திய நாளில், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியில் சைவர்கள் அமைத்த வரவேற்பு வளைவை எங்கள் சமயத்தவர்கள் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை. அங்கே அரசும் இல்லை, பிக்குவும் இல்லை, இராணுவமும் இல்லை. தமிழர்கள் மட்டுமே நின்றோம்.

அதேபோல, எங்கள் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றில், கணவனை இழந்த ஒரு தாய் தன் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூட்டம் வைத்தார். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கிராம அலுவலரிடம் போய், புதிய வழிபாட்டிடத்துக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டின் சுற்றறிக்கையைக் காட்டினார்கள். அந்தச் சுற்றறிக்கை எதற்காக வந்தது, யாரைத் திருப்திப்படுத்த வந்தது என்று அவர்களுக்குத் தெரியாததல்ல. அரசமரத்தடியில் புத்தர் சிலை முளைத்தால் அனுமதி எங்கே என்று கேட்பவர்கள், ஒரு விதவையின் விறாந்தையிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவருடைய வீடு, அவருடைய காணி, அவருடைய பிரார்த்தனை. ஒலிபெருக்கிகூட இல்லை. அவர் இப்போது வவுனியாவுக்குப் பேருந்து ஏறிப் போய்த் தொழுகிறார்.

கனகராயன்:

மாந்தைக்கரை அக்கா எழுதியது, நான் முதற்பதிவில் சொல்ல நினைத்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

நாங்கள் நீண்ட காலமாக உரிமையை ஒரு கூட்டத்தின் சொத்தாகவே கேட்டுப் பழகிவிட்டோம். தமிழருக்குப் பேச்சுரிமை வேண்டும், சைவருக்கு வழிபாட்டுரிமை வேண்டும் என்று கேட்கிறோம். ஒடுக்கப்பட்ட மக்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் உரிமை கூட்டத்தின் கையில் இருக்கும்போது, கூட்டத்துக்குள் ஒத்துப்போகாத ஒருவருக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை. கணக்குக் கேட்ட பிள்ளைக்கும், விறாந்தையில் ஜெபித்த தாய்க்கும், இயக்கம் செய்தது பிழை என்று சொல்ல விரும்பும் முன்னாள் போராளிக்கும், வீரவணக்கம் செலுத்த விரும்பும் இன்னொரு முன்னாள் போராளிக்கும் அந்த உரிமை தனித்தனியாகச் சேர வேண்டும். பாலைநிழல், விளக்கேற்றும் உரிமையும் விமர்சிக்கும் உரிமையும் ஒன்றையொன்று தின்பதில்லை. இரண்டையும் தடுப்பது ஒரே வகைப் பயம்.

சமூகத்தின் அழுத்தத்துக்கும் பலவந்தத்துக்கும் இடையிலான கோட்டையும் இங்கே வரைந்துகொள்ள வேண்டும். முத்தையன்கட்டு இளைஞரின் மரணத்தை அடுத்து 2025 ஆகஸ்ட் 18இல் வடக்குக் கிழக்கில் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. சில கடைகள் பூட்டின, சில திறந்திருந்தன. திறந்திருந்த கடையில் இனிமேல் சாமான் வாங்கமாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவருடைய சுதந்திரம். வாங்காதீர்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்வதும் சுதந்திரமே. கடை வாசலில் ரயர் கொளுத்துவதும், பூட்டாவிட்டால் நடப்பது வேறு என்று சொல்வதும் பேச்சு அன்று, அது பலவந்தம். அந்த இடத்தில்தான் பொலிஸ் வர வேண்டும்.

துறவிகள் விடயத்திலும் நான் இதே கோட்டைத்தான் வைக்கிறேன். 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் ஆலயத் தீர்த்தக்கேணிக்கு அருகே, முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளையை மீறி ஒரு பிக்குவின் உடல் தகனம் செய்யப்பட்டது. அதில் வெறுப்புப் பேச்சுச் சட்டத்துக்கு என்ன வேலை? நீதிமன்றக் கட்டளை மீறப்பட்டது, பிறருடைய வழிபாட்டிடத்தின் அமைதி குலைக்கப்பட்டது, சட்டத்தரணி தாக்கப்பட்டார். ஒவ்வொன்றும் செயல், ஒவ்வொன்றுக்கும் சாதாரணச் சட்டம் போதும். அங்கே உள்ள குறை, அந்தச் சாதாரணச் சட்டம் நிறைவேற்றப்படாததுதான். புதிய பேச்சுக் குற்றங்களை உருவாக்கினால், இருக்கின்ற சட்டத்தை நிறைவேற்ற மறுக்கும் அதே கைகளுக்கு இன்னோர் ஆயுதம் கிடைக்கும்.

பௌத்த கட்டுமானம் தொடர்பான குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் வழங்கிய முல்லைத்தீவு நீதிபதி, 2023 செப்டெம்பரில், உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சபைக்குள் நின்று அவரைத் தாக்கிப் பேசியிருந்தார். சிறப்புரிமை இருப்பதால் அந்தப் பேச்சை நீதிமன்றத்தில் எவரும் கேள்வி கேட்க முடியாது. பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பெருகும் நாட்டில் முழுச் சுதந்திரத்தோடு பேசுபவர்கள் இவர்கள்தான். பாலைநிழல் சொன்ன ஒலிவாங்கிக்காரர்களுக்கு எந்தச் சட்டமும் ஒரு தடையாக இருந்ததில்லை.

செட்டிகுளத்தான்:

ஒரு கேள்வி. நவம்பர் மாதம் மாவீரர் நாள் வந்தால், மாவீரர்களின் படம் போட்டவர்களின் முகநூல் கணக்குகள் முடக்கப்படுகின்றன. அதைச் செய்வது அரசு அன்று, தனியார் நிறுவனம். தனியாருக்குத் தன் சொத்தில் விரும்பியபடி செய்யும் உரிமை உண்டு என்பதுதான் உங்கள் சுதந்திரவாதம் என்றால், எங்கள் வாய் அங்கேயும் அடைபடுகிறதே?

வழக்கேடு:

அடைபடுகிறது, அண்ணா, அதை மறுக்க முடியாது. என் தனிப்பட்ட கருத்தில் இது சுதந்திரவாதத்தின் பலவீனமான இடம். நிறுவனம் கணக்கை முடக்கினால் நாங்கள் இன்னொரு தளத்துக்குப் போகலாம், சொந்த இணையத்தளம் தொடங்கலாம். விளக்கமறியலுக்குப் போக வேண்டியதில்லை. அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் ஆணைக்குழு பணிப்புரை அனுப்பும் அதிகாரம் பெற்ற பிறகு, ஒரு பதிவு நிறுவனத்தின் விதியால் நீங்கியதா, அரசின் கடிதத்தால் நீங்கியதா என்பது எங்களுக்குத் தெரியவராது. ஆகக் குறைந்தது, அரசு அனுப்பும் ஒவ்வொரு அகற்றல் பணிப்புரையும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவதில் இருந்து தொடங்கலாம்.

ஒரு சிறு நம்பிக்கையும் இருக்கிறது. பிரிவினையை ஆதரிப்பதைத் தடைசெய்யும் ஆறாம் திருத்தம் 1983இல் வந்தது. சமஷ்டி கேட்பதே பிரிவினை என்று தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில், சமஷ்டி கோருவது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பேசக்கூடியதன் எல்லை நீதிமன்றத்தில் சில வேளைகளில் விரிந்தும் இருக்கிறது.

பாலைநிழல்:

சரி. எல்லாவற்றையும் ஒரு கேள்வியில் வைக்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். முள்ளிவாய்க்காலில் பொதுமக்கள் கொல்லப்படவேயில்லை என்று ஒருவர் எழுதுகிறார். என் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள், மண்ணுக்குள். அந்த மனிதருக்கும் பேச்சுரிமை உண்டா?

கனகராயன்:

பாலைநிழல், உங்கள் இழப்புக்கு முன்னால் எந்தக் கொள்கையும் பெரிதன்று. ஆயினும் நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். அந்த மனிதரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் வேண்டாம் என்பதே என் பதில்.

2009இல் போரின் இறுதியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் நின்று காயக்காரருக்கு மருத்துவம் செய்துகொண்டு, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தொலைபேசியில் உலகத்துக்குச் சொன்னவர்கள் அரசாங்க வைத்தியர்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் கொண்டுவந்து இருத்தப்பட்டு, தாங்கள் முன்பு கொடுத்த எண்ணிக்கைகள் பொய் என்று சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் வெளிநாட்டில் இருந்து, அது அழுத்தத்தின் கீழ் சொன்னது என்று பகிரங்கமாகக் கூறினார். 2011இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு, கொல்லப்பட்ட பொதுமக்களின் எண்ணிக்கை நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று அறிக்கையிட்டது.

பொய்க் கூற்றுகளைத் தண்டிக்கும் ஆணைக்குழு ஒன்று 2009இல் இருந்திருந்தால், அதன் முன் நிறுத்தப்பட்டிருக்கக்கூடியவர்கள் அந்த வைத்தியர்களே தவிர, பொதுமக்கள் எவரும் இறக்கவில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். மறுப்பவரின் வாயைப் பூட்டும் சட்டத்தை நாங்கள் கேட்டால், அதன் திறப்பு எங்கள் கையில் இருக்கப்போவதில்லை.

செட்டிகுளத்தான்:

அந்த நாட்களில் அரசாங்கம் உள்ளே எழுபதாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குப்படி வலயத்துக்குச் சென்ற உணவும் மருந்தும் சனத்துக்கு ஒருபோதும் போதியதாக இருக்கவில்லை. பிறகு எங்கள் செட்டிகுளம் மெனிக் முகாம் முதலிய இடங்களில் கொண்டுவந்து அடைத்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். தண்ணீர் பவுசருக்குப் பின்னால் வாளிகளை அடுக்கிவிட்டு நின்ற வரிசை, கொட்டிலுக்குக் கொட்டில் வளைந்து காட்டோரம் வரை போகும். அரசாங்கத்தின் எண்ணிக்கை பொய் என்று அந்த வரிசையில் நின்ற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒருவருக்கும் அனுமதி இருக்கவில்லை. முட்கம்பிக்கு உள்ளே ஊடகவியலாளர்களைச் சுதந்திரமாக விடவில்லை.

பாலைநிழல்:

மறுப்பவர் விடயத்தில் கனகராயன் அண்ணா சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். வைத்தியர்களை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அந்த ஆலயப் பிள்ளைமீது முறைப்பாடு செய்வதையும் நான் ஆதரிக்கமாட்டேன். சபையில் எனக்குத் தெரிந்த இருவர் இருக்கிறார்கள்; கணக்கை வாசிக்கச் சொல்லி அவர்களிடம் பேசுகிறேன்.

ஆனால் கூட்டத்தைத் திரட்டிவைத்து, இவர்களை அடித்து விரட்டுங்கள் என்று ஒலிவாங்கியில் சொல்லும் துறவி விடயத்தில் நான் இறங்கிவரப்போவதில்லை. அங்கே பேச்சுக்கும் அடிக்கும் இடையில் சில நிமிடங்கள்தான் இருக்கும். வழக்கேடு தங்கச்சி, ஐசிசிபிஆர் சட்டத்தைத் தொடாமல், சாதாரணத் தண்டனைச் சட்டக் கோவையில் அதற்கு எந்தப் பிரிவின் கீழ் முறைப்பாட்டை எழுதலாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை நானே பொலிஸ் நிலையத்துக்குப் போவேன்.